டிரஃபால்கர் சதுக்கம்: சிங்கத்தை விட்டுட்டு வடக்குச் சுவரைப் பாருங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் கடுப்போடதான் ஆரம்பிக்கிறேன். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தைப் பத்தி இப்ப வரிசையா ஷார்ட்ஸ் வந்துக்கிட்டிருக்கு, பாத்திருப்பீங்க. டிரஃபால்கர் கடற்சண்டையில செத்த பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கு அங்க நிக்கிற தூணைப் பத்தி எல்லாத்துலயும் ஒரே வசனம்: "நெல்சன் தூணோட உயரம் 185 அடி!" இல்லீங்க. 2006-ல சாரம் கட்டிப் பழுது பாத்தப்ப லேசர் வெச்சு அளந்தாச்சு. பீடத்தோட அடியிலேர்ந்து நெல்சன் தொப்பி உச்சி வரைக்கும் 169 அடி 3 அங்குலம். மீட்டர்ல 51.59. கிட்டத்தட்ட 16 அடியைச் சும்மா ஏத்தி விடுறாங்க.

இதுல சுவாரசியம் என்னன்னா, தூணை வடிவமைச்ச வில்லியம் ரெயில்டன் முதல்ல போட்ட திட்டம் 203 அடி. அவ்வளவு உயரம் நிக்குமாங்கிற பயத்துல 170 அடியாக் குறைச்சாங்க. 170-க்கும் 169 அடி 3 அங்குலத்துக்கும் வித்தியாசம் 9 அங்குலம். அவ்வளவுதான்! 1840-கள்ல கல்லு கல்லா ஏத்திக் கட்டின ஆளுங்க திட்டத்துக்கு 9 அங்குலம் பக்கத்துல நிப்பாட்டியிருக்காங்க, நாம கையில போனை வெச்சுக்கிட்டு 16 அடி தப்பு பண்றோம்.

சரி, அளவு விஷயம்னா நான் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், அதுக்கு மறுபடி வருவேன். முதல்ல இந்த இடம் ஏன் இப்படி இருக்குன்னு சொல்லிடறேன்.

இங்க முன்னாடி இருந்தது அரச குதிரை லாயம். அதைக் காலி பண்ணிட்டுப் பொது இடமா மாத்தணும்னு 1820-கள்ல திட்டம் போட்டது கட்டடக்கலைஞர் ஜான் நாஷ். அதுக்கப்புறம் வடக்குப் பக்கம் வில்லியம் வில்கின்ஸ் நேஷனல் கேலரியைக் கட்டினார், 1838-ல திறந்தாங்க. பின்னாடி ராணுவக் குடியிருப்பும் ஏழைகள் விடுதியும் இருந்ததால, கட்டடத்துக்குக் கிடைச்ச ஆழம் ஒரே ஒரு அறை அளவுதான். அதனால நீளமா, தாழ்வா, பெரிய மைதானத்துக்கு முன்னாடி பம்மிக்கிட்டு நிக்குது. அந்தக் காலத்துலயே இதைக் கிண்டலடிச்சுத் தீத்துட்டாங்க.

இதைச் சரிக்கட்ட வந்தவர்தான் சார்லஸ் பாரி. ஆமா, இப்ப இருக்கிற நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைச்ச அதே பாரி. தரை வடக்குலேர்ந்து தெற்கா சரிவு. பாரி அந்தச் சரிவை நிரவி, மைதானத்தைக் கீழ இறக்கி, வடக்கு ஓரத்துல சுவர் எழுப்பி மேல ஒரு மேடை போட்டார். கேலரியில ஒரு செங்கல் கூட ஏத்தல. ஆனா கீழ நின்னு பாத்தா கட்டடம் எடுப்பா மேல ஏறி நிக்குது. என்னைக் கேட்டா இந்த மொத்த இடத்துலயும் உருப்படியான கட்டடக்கலை அந்தச் சுவர்தான். அதை யாரும் போட்டோ எடுக்கிறதே இல்ல.

மைதானத்துக்கு நடுவுல எதையும் நட்டு வைக்காதீங்க, வெட்டவெளியா விடுங்கன்னு பாரி நாடாளுமன்றக் கமிட்டிகிட்ட சொல்லிப் பாத்தார். எடுபடல. தூண் வந்துடுச்சு. சதுக்கத்தை 1844-ல திறந்தாங்க.

இப்ப என் விஷயம். அதே வடக்குப் பக்கத்துல, கஃபே பக்கம், படிக்கிட்ட குனிஞ்சு பாருங்க. மேல பாத்தா கிடைக்காது. வெண்கலத்துல அளவுக் குறிகள் பதிச்சிருக்கும். ஒரு அடி, ஒரு கஜம் எல்லாம் இருக்கு. 1876-ல பிரிட்டிஷ் அரசோட வாணிப வாரியத்துல இருந்த அளவைத் துறை வெச்சது. சர்வேயரோ துணி வியாபாரியோ யாரா இருந்தாலும் தன்னோட கோலைக் கொண்டுவந்து இதுல வெச்சு சரிபாத்துக்கலாம், காசு கிடையாது. முதல்ல மேடைச் சுவர்ல இருந்தது. 2003-ல நடுவுல படிக்கட்டு போட்டப்ப இடம் மாத்திட்டாங்க. பழைய புத்தகத்தை நம்பித் தேடினீங்கன்னா கிடைக்காம போறதுக்கு அதான் காரணம்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டாங்க? 1834-ல பழைய நாடாளுமன்றம் தீப்பிடிச்சதுல, நாட்டுக்கே மூலமா வெச்சிருந்த கஜக்கோல் வீணாப் போச்சு. அந்தத் தீயாலதான் பாரிக்கு நாடாளுமன்ற வேலையே கிடைச்சது! புதுக் கஜக்கோல் தயாராகி சட்டமாக 1855 ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் பொதுமக்கள் பாக்கிற மாதிரி இந்தக் குறிகளெல்லாம் வந்தது.

இதுல அளந்து பாக்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சட்டப்படி அந்தக் கஜத்தோட நீளம் சரியா இருக்கிறது 62 டிகிரி ஃபாரன்ஹீட்ல, அதாவது 16.7 செல்சியஸ்ல. வெண்கலம் சூட்டுல நீளும். 10 டிகிரி செல்சியஸ் கூடுதல்னா ஒரு கஜத்துக்கு சுமார் 0.16 மில்லிமீட்டர். உங்க நாடா எஃகா இருந்தா அதுவும் நீளும், ஆனா வெண்கலம் அளவுக்கு இல்ல, மூணுல ரெண்டு பங்கு வெச்சுக்கோங்க. அதனால நல்ல வெயில் நாள்ல வெச்சுட்டு "அரசாங்க அளவே தப்பு"ன்னு வீடியோ போட்டுடாதீங்க.

சொல்ல விட்டுட்டேன், அந்த நடுப் படிக்கட்டு. பாரி ரெண்டு ஓரத்துலதான் படி வெச்சிருந்தார். கேலரிக்கும் சதுக்கத்துக்கும் நடுவுல வண்டிகள் ஓடிக்கிட்டிருந்த ரோடு. ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ்ங்கிற கட்டடக்கலை நிறுவனத்தோட திட்டப்படி 2003-ல வடக்குப் பக்க ரோட்டை மூடி, நடுவுல அகலமா படி இறக்கினாங்க. அதுக்கு முன்னாடி இது வண்டிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட தீவுதான். அதே வருஷம் புறாவுக்குத் தீனி போடவும் தடை. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், புறா ரசிகர்கள் மன்னிக்கணும்.

நீரூற்று ரெண்டும் அழகுக்காக மட்டும் வெச்சது இல்ல. கூட்டம் கூடிக் கலவரம் பண்ண இடம் கிடைக்கக் கூடாதுங்கிற கணக்கும் அதுல உண்டு. அப்படியும் இங்க நடக்காத போராட்டமா! ஆரம்பத்துல கிணத்துலேர்ந்து நீராவி இயந்திரம் வெச்சுத் தண்ணி இறைச்சாங்க. இப்ப இருக்கிற நடுப்பகுதி லட்யன்ஸ் வடிவமைச்சது, நம்ம புதுதில்லியை வடிவமைச்ச கட்டடக்கலைஞர் லட்யன்ஸேதான். பழசு ரெண்டும் கனடா போயிடுச்சு, ஒண்ணு ஒட்டாவா, ஒண்ணு ரெஜைனா. இப்ப இருக்கிற பம்பு 80 அடி வரைக்கும் பீச்சும், ஆனா காத்தடிக்கிற நாள்ல பக்கத்துல கேமராவோட நிக்காதீங்க.

தூணுக்கு அடியில இருக்கிற வெண்கலச் சிங்கம் நாலும் ஓவியர் லேண்ட்சீர் பண்ணது, 1867-லதான் வந்தது. அதாவது தூண் வந்து இருபது வருஷத்துக்கு மேல சிங்கமே இல்லாமதான் நின்னுது. தயவுசெஞ்சு மேல ஏறாதீங்க. ஏறி ஏறியே வெண்கலம் சேதமாகுதுன்னு 2011-லயே அறிக்கை வந்திருக்கு.

அதுக்குப் பதிலா தூண் பீடத்தோட தெற்குப் பக்கம் போங்க. நாலு பக்கமும் வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கு, பிரெஞ்சுக்காரங்ககிட்ட பிடிச்ச பீரங்கியை உருக்கி வார்த்தது. தெற்குல இருக்கிறது நெல்சன் சாகிற காட்சி. எல்லார் கண்ணும் நடுவுல போகும். நீங்க இடது ஓரத்தைப் பாருங்க, கையில துப்பாக்கியோட ஒரு கறுப்பின மாலுமி நிக்கிறார். 1840-கள்ல செதுக்கினது. டிரஃபால்கர் சண்டையில நெல்சனோட கப்பல்ல ஆப்பிரிக்க வம்சாவளி ஆளுங்களும் இருந்தாங்க, அதை மறைக்காம வெச்சிருக்காங்க.

சதுக்கத்தோட மூலைப் பீடம் நாலுல ஒண்ணுல ஹேவ்லாக், 1857 கிளர்ச்சியில லக்னோவுக்குப் படையோட போன பிரிட்டிஷ் தளபதி. இவர்கூடப் போன இன்னொரு தளபதி நீலோட சிலை சென்னை மவுண்ட் ரோட்டுல இருந்து, அதை எடுக்கச் சொல்லி 1927-ல மக்கள் சத்தியாகிரகம் பண்ணி, 1937-ல மியூசியத்துக்குப் போனது. ஹேவ்லாக் மட்டும் இங்க ஜம்முனு நிக்கிறார். இன்னொண்ணுல நாலாம் ஜார்ஜ், குதிரையில சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. அந்தச் சிலை லண்டன்ல இருக்கிற மார்பிள் ஆர்ச்ங்கிற பளிங்கு வளைவோட உச்சிக்குன்னு பண்ணினது. வடமேற்குப் பீடத்துல நாலாம் வில்லியம் வரணும், காசு தீந்துடுச்சு. 1841-லேர்ந்து காலியா கிடந்து, 1999-ல மார்க் வாலிங்கரோட சிற்பத்துலேர்ந்துதான் மாத்தி மாத்திப் புதுக் கலைப்பொருள் வைக்கிறாங்க. போறதுக்கு முன்னாடி இப்ப என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போங்க.

கடைசியா, தெற்குல ரோட்டுத் தீவுல குதிரை மேல முதலாம் சார்லஸ். சதுக்கத்துலேயே மூத்தது இதுதான், 1633-ல வார்த்தது. இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல ராஜா ஆட்சி போனதுக்கப்புறம் உடைச்சுப் போடச் சொல்லி ஜான் ரிவெட்னு ஒரு உலோக வேலைக்காரர்கிட்ட வித்தாங்க. அவர் சிலையை ஒளிச்சு வெச்சுட்டு, அதை உருக்கிப் பண்ணினதுன்னு கத்திப்பிடி எல்லாம் வித்துக் காசு பாத்தார்! மறுபடி ராஜா ஆட்சி வந்ததும் சிலை முழுசா வெளிய வந்து, 1675-ல இங்க நின்னுது. லண்டன்லேர்ந்து இத்தனை மைல்னு போடுறாங்களே, அதுக்குப் பூஜ்யம் இந்த இடம்தான். தரையில தகடு பதிச்சிருக்கு, சிலைக்குப் பின்னாடி பாருங்க. ஆனா சுத்தி ஆறு பக்கமும் வண்டி வரும். தகட்டைப் பாத்துக்கிட்டே பின்னால நகராதீங்க. சரி, சிக்னல் விழுந்துடுச்சு, நான் கடக்கிறேன்.