பதறாத காரியம் சிதறாது

(கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாணவர் கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது. பேசினபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மூடுபனி இறங்கிவிட்டது, அப்படியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசி பெஞ்சு வரை உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கே முதல் நன்றி. தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்தப் பள்ளிக்கூடம் கூரைக்கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து இதைத் தாங்கி நிற்கும் ஊர்க் கவுடர் ஐயா அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, காலையில் இலை எடை போட்ட கையோடு குளித்துவிட்டு வந்திருக்கும் தொழிற்சங்கத்து அண்ணன் அவர்களே, வர்க்கி அடுப்பை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் பேக்கரி உரிமையாளர் அவர்களே, வணக்கம். பரிசுப் புத்தகங்கள் எல்லாம் பேக்கரிக்காரர் வாங்கிக் கொடுத்தவை. டம்ளரும் தட்டும் வேண்டாம், புத்தகமாகத்தான் கொடுப்பேன் என்று நின்றவர் அவர். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

பிள்ளைகளே, கட்டுரை எழுதுவது பற்றி இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். எழுதுமுன் திட்டமிடுவது ஒன்று, பத்தி பிரிப்பது ஒன்று, எழுதினதைத் திருத்துவது ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து என் அப்பா அடிக்கடி சொன்ன பழமொழி ஒன்று இருக்கிறது: பதறாத காரியம் சிதறாது.

போட்டிக்கு வந்த எல்லாக் கட்டுரைகளையும் நான்தான் படித்தேன். தலைப்பைப் பார்த்த நிமிஷமே பேனாவை ஊன்றினவர்கள் யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. 'மனித வாழ்வில் இது இன்றியமையாதது' என்று தொடங்கியிருக்கிறார்கள். அந்த வரி தண்ணீருக்கும் பொருந்தும், மரத்துக்கும் பொருந்தும், செல்போனுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற வரி உங்கள் கட்டுரைக்குத் தேவையில்லை.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொடுக்கிறேன், அங்கே வருகிறவள். 'மலை ரயில்' என்று தலைப்புக் கொடுத்தேன். மளமளவென்று மூன்று பக்கம் எழுதினாள். மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் கிளம்பினது, சித்தப்பா ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டது, ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினபோது ஒரு குரங்கு பொரிப் பொட்டலத்தோடு தம்பியின் தொப்பியையும் பிடுங்கிக்கொண்டு ஓடினது, தம்பி அழுதது, யாரோ ஒரு பாட்டி கொய்யாப்பழத்தைக் காட்டித் தொப்பியைத் திரும்ப வாங்கினது, எல்லாம் இருந்தது. படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் குன்னூர் வந்ததும் தாளும் தீர்ந்தது, நேரமும் தீர்ந்தது. அவள் ரயில் ஊட்டி போய்ச் சேரவேயில்லை!

திட்டவில்லை. நாள்காட்டியில் கிழித்துப் போட்ட தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாளில் ஒரே ஒரு செய்தி, அதற்கு மேல் எழுதாதே என்றேன். அரைமணி நேரத்தில் திண்ணை முழுக்கத் தாள். வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்த அம்மா கூடையோடு நின்று பார்த்தார். 'எல்லா இலையையும் கூடைல போட்டா ஃபேக்டரில எடுக்க மாட்டாங்க பாப்பா, கொழுந்தா பாத்துப் பொறுக்கு' என்றார். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த நான் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை.

அப்புறம் பொறுக்கினோம். சித்தப்பா போனார், அத்தை வீடு போனது. குரங்கை மட்டும் விடமாட்டேன் என்று அழுதாள். சரி, அப்படியானால் குரங்கை முதலில் வை என்றேன். கட்டுரை ஹில்குரோவில், தொப்பி போன இடத்தில் தொடங்கியது. இன்ஜினுக்கு ஏன் அங்கே தண்ணீர் வேண்டியிருக்கிறது என்று அடுத்த பத்தி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளி ஏற்றுகிறது என்று அதிலிருந்தே வந்தது. அதற்குப் பிறகுதான் வரலாறு. ஒரு பத்தியில் ஒரு சரக்கு, அடுத்த பத்தி முந்தினதின் வாலைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். பத்தி பிரிப்பதில் இதற்கு மேல் பெரிய சூத்திரம் இல்லை.

சுமார் 800 வருஷத்துக்கு முன்பே நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர் அதன் முன்னுரையான பாயிரத்தில், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் 'மற்றொன்று விரித்தல்' ஒன்று, 'சென்று தேய்ந்து இறுதல்' ஒன்று. சித்தப்பாவின் ஜன்னல் சீட்டு முதலாவது, குன்னூரில் நின்றுபோன ரயில் இரண்டாவது. அவர் சொன்ன பத்து அழகில் 'முறையின் வைப்பு' என்றும் ஒன்று வருகிறது. நாள்காட்டித் தாளை அடுக்கினோமே, அதுதான் முறையின் வைப்பு. பதறாத காரியம் சிதறாது.

வரலாற்றுத் தாள்களில்தான் சிக்கல் வந்தது. 'வெள்ளைக்காரர் காலத்தில் ரயில் வந்தது' என்பதற்கு மேல் அவளிடம் ஒன்றுமில்லை. குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது 2005, மொத்தம் 46 கிலோமீட்டர் என்பதெல்லாம் என் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகத்தில் பார்த்தோம். போனில் பார்க்கலாமே என்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடும், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் சிக்னலும் கிடைக்காது. அலமாரி இல்லாத வாத்தியாரிடம் படிக்கிற பிள்ளை எங்கே போவது?

நம் ஊரில் கிளை நூலகம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, பஸ் பிடித்து ஊர் வந்து சேரும்போது அது பூட்டியிருக்கிறது. இதைத்தான் பெரியவர்களாகிய உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஊட்டியில் நீலகிரி நூலகம் 1859லேயே தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் பொது நூலகம் வேண்டும் என்று சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டார், 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பது ரங்கநாதன் வகுத்த முதல் விதி. பிள்ளை வரும் நேரத்தில் கதவு பூட்டியிருந்தால் அந்த நூல் யாருடைய பயன்பாட்டுக்கு?

சாயங்காலம் திறந்தால் மட்டும் போதாது. ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள் கரடி நடமாட்டம், காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கிறது. நூலகத்திலிருந்து லைன் வீடு வரை நாலு விளக்கு வேண்டும். ஊராட்சித் தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார், நன்றி ஐயா, மேடையில் ஆட்டின தலையை நாங்கள் மறக்க மாட்டோம். கவுடர் ஐயாவும் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் நடக்கும்.

இதற்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். முதலில் பெரியவர்கள் எழுதினோம், தாத்தா காலத்திலிருந்து தொடங்கி நாலு பக்கம் போனது. அந்தப் பிள்ளை வாங்கிப் படித்துவிட்டு, 'சார், இதுல நமக்கு என்ன வேணும்னு மூணாம் பக்கத்துலதான் வருது' என்றாள். மறுபடி நாள்காட்டித் தாள், மறுபடி திண்ணை. ரெண்டு சாயங்காலம் பிடித்தது, அவசரப்படுத்தவில்லை, பதறாத காரியம் சிதறாது. இப்போது மனு ஒரே பக்கம். முதல் வரி இதுதான்: 'எங்கள் ஊர்க் கிளை நூலகம் மாலை 5 மணி முதல் 8 மணி வரை திறந்திருக்க வேண்டும்.'

வாசல் மேஜையில் வைத்திருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கைநாட்டுப் போடுகிறவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீயும் வர்க்கியும் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.