டிக்கெட்டில் மாம்பலம், வாயில் டி.நகர்: ஒரு ஊர் இரண்டான கதை

[திரையில்: மாம்பலம் ரயில் நிலையம், காலை நேரம். தாம்பரம் போகும் வண்டி வந்து நிற்கிறது.]

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் வண்டியில் ஏறி, பக்கத்தில் இருப்பவரிடம் எங்கே இறங்கப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். "டி.நகர்" என்பார். ஆனால் அந்தப் பாதையில் டி.நகர் என்று ஒரு நிலையமே கிடையாது. அவர் சட்டைப் பையில் இருக்கும் டிக்கெட்டில் அச்சாகியிருப்பது மாம்பலம். நடைமேடையில் மஞ்சள் பலகையில் கறுப்பாக எழுதியிருப்பதும் மாம்பலம்.

தீபாவளிக்குத் துணி எடுக்க, கல்யாணத்துக்கு நகை வாங்க என்று வருகிற அத்தனை பேரும் ஒரு பழைய கிராமத்தின் பெயரில்தான் வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் அந்தப் பெயரை மறந்துவிடுகிறார்கள்.

[திரையில்: நடைமேம்பாலத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும்.]

மேம்பாலத்தில் ஏறி நின்றால் இந்தக் கதையில் பாதி கண்ணுக்கே தெரிந்துவிடும். கிழக்குப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு. நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில் விட்டுவிடும். மேற்குப் பக்கம் இறங்கினால் வாழைத்தண்டு, கீரைக்கட்டு, உதிரிப்பூ, அரைத்த மாவு, பேரம் பேசும் பாட்டிகள். நடுவில் இருப்பது சில தண்டவாளங்கள்தான். கிழக்கே தியாகராய நகர், மேற்கே மேற்கு மாம்பலம். "கிழக்கு மாம்பலம்" என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

ஒரு ஊரை ஒரு நகரம் இரண்டு விதமாக விழுங்கலாம். திட்டம் போட்டு விழுங்கலாம், அல்லது கண்டுகொள்ளாமலே விட்டு விழுங்கலாம். மாம்பலத்துக்கு இரண்டும் நடந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

[திரையில்: பழைய சென்னை வரைபடம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீளும் நீலப் பிறை.]

சரி, முதலில் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நூறு வருடத்துக்கு முந்தைய சென்னை வரைபடத்தில் நகரத்தின் மேற்கு ஓரமாகப் பிறை வடிவில் ஒரு ஏரி நீண்டு கிடக்கும். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர். ஆங்கிலேயர் இதை 'லாங் டேங்க்' என்றார்கள். வெள்ளைக்காரர்கள் இதில் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஏரி எப்படி வேலை செய்யும் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. மழைநீர் வருகிற பக்கம் திறந்திருக்கும். போகிற பக்கம், அதாவது பள்ளமான பக்கம், வளைவாக ஒரு மண் கரை. கரையில் மதகு. மதகைத் திறந்தால் கீழே இருக்கும் வயலுக்குத் தண்ணீர். மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்விடும். இந்த ஏரிக்குக் கரை கிழக்குப் பக்கம். அந்தக் கரையை ஒட்டிப் போன பாதைதான் மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. தேனாம்பேட்டை சிக்னலில் நின்று சலித்துக்கொள்ளும்போது ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்: ஒரு காலத்தில் அந்தச் சாலையில் போனவர்களுக்கு மேற்கே தெரிந்தது தண்ணீர்.

ஏரிக்கு மேற்கே மாம்பலம். செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்த ஊர். பெயருக்கும் மாம்பழத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மகாவில்வம் என்பது திரிந்து மாம்பலம் ஆனது என்பது கோயில் வட்டாரத்தில் சொல்லும் கதை. 1870களில் தெற்கே போகும் ரயில் பாதை இந்தப் பக்கமாக வந்தது. அன்றைக்கு அது வயலுக்கும் தோப்புக்கும் நடுவே போன ஒரு கோடு, அவ்வளவுதான். பிற்காலத்தில் அதுவே ஊரின் எல்லையாகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

[திரையில்: 1921, 1931 என்ற ஆண்டுகள், மக்கள்தொகை எண்கள்.]

1921இல் சென்னையின் மக்கள்தொகை ஏறக்குறைய 5¼ லட்சம். பத்தே வருடத்தில் அது 6½ லட்சத்தைத் தொட்டது. ஜார்ஜ் டவுனில் மூச்சுவிட இடமில்லை. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய நகரத் திட்ட நிபுணர் சென்னையைச் சுற்றிப் பார்த்து 1918இல் ஒரு நூலே எழுதினார். 1920இல் சென்னை மாகாண நகரத் திட்டச் சட்டம் வந்தது. இடம் எங்கே என்று தேடியவர்களின் கண் மேற்கே போயிற்று. அங்கேதான் ஏரி.

அந்த ஏரிக்கு ஏற்கெனவே பலம் குறைந்திருந்தது. கரைக்குக் கீழே இருந்த வயல்கள் பங்களாக்களாக, தோட்ட வீடுகளாக மாறிக்கொண்டிருந்தன. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் வயல், இல்லாத ஏரிக்காக யார் வந்து சண்டை போடுவார்கள்? மடை அடைத்துப் போனால் தூர்வார யார் வருவார்கள்? உழுகிறவன் போனபின் அதிகாரிகள் கண்ணுக்கு அது வெறும் காலி நிலம். கொசு வளரும் காலி நிலம்.

1923இல் தொடங்கி 1925க்குள் ஏரியின் தெற்குப் பகுதி வடிக்கப்பட்டு, மனைகளாகப் பிரிக்கப்பட்டது. சென்னையில் இன்றும் நிலத்தை 'கிரவுண்டு' கணக்கில்தான் சொல்கிறோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏரிப்படுகை கிரவுண்டு கிரவுண்டாகக் கைமாறியது.

[திரையில்: மேலிருந்து பனகல் பூங்கா. பூங்காவிலிருந்து பிரியும் சாலைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து நாலா பக்கமும் பிரியும் அகலமான சாலைகள். காகிதத்தில் வரைந்து பிறகு கட்டிய ஊர் என்பது மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். பழைய ஊர்கள் கோயிலைச் சுற்றி வளரும், குளத்தைச் சுற்றி வளரும். இது ஒரு அரசியல் கட்சியைச் சுற்றி வளர்ந்த ஊர். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெருப் பெயர்களை வரிசையாகப் படியுங்கள்.

ஊருக்கே பெயர் கொடுத்தவர் பிட்டி தியாகராயர். 1916இல் நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரில் ஒருவர். சென்னை மாநகராட்சிக்கு அதிகாரி அல்லாத முதல் தலைவர். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தபோது தேடி வந்த முதன்மை அமைச்சர் பதவியை வேண்டாம் என்றவர். 1925 ஏப்ரலில் இறந்தார். மற்ற இருவரும் இங்கேயே இருக்கிறார்கள்: நடேச முதலியார் பெயரில் நடேசன் பூங்கா, டி.எம். நாயர் பெயரில் நாயர் சாலை. நடுவில் இருக்கும் பூங்கா பனகல் அரசருடையது. 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதன்மை அமைச்சர் அவர். பரபரப்பான உஸ்மான் சாலை, முகமது உஸ்மானுடையது. 1934இல் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தவர், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். அப்புறம் ஜி.என். செட்டி சாலை, பசுல்லா சாலை, தணிகாசலம் சாலை... கட்சிக் கூட்டத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல இருக்கும்.

வெகு காலம் கழித்துத் தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்களை எடுத்தபோது ஜி.என். செட்டி சாலை வெறும் 'ஜி.என். சாலை' ஆனது. பார்க்கிறவருக்கு அது யார் என்று எப்படித் தெரியும்?

பாண்டி பஜாரைக் கேட்டால் பாண்டிச்சேரிக்கும் அதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் நிறைய. அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர். பட்டிவீரன்பட்டிக்காரர், 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். சௌந்தரபாண்டியன் அங்காடி என்பது பேச்சில் தேய்ந்து பாண்டி பஜார் ஆகிவிட்டது. அந்தச் சாலைக்கு முறைப்படி தியாகராய சாலை என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டு, "பாண்டி பஜார்தானே சார்?" என்பார்.

இத்தனை பெயர்களுக்கு நடுவே மாம்பலம் கிராமத்தில் உழுத ஒருவர் பெயர்கூட இந்தப் பக்கம் இல்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. தெருவெல்லாம் பொறுக்கி எடுத்த பெயர்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே என்னென்ன பெயர்கள் இருந்தனவோ, ஒன்றும் மிஞ்சவில்லை.

1928இல் பனகல் பூங்கா அருகே காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் புடவைக் கடை போட்டார். 1931இல் கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. மரங்களும் பங்களாக்களுமாக அமைதியாக இருக்கட்டும் என்று வரைந்த குடியிருப்பு, தமிழ்நாட்டின் துணிக்கடையாகவே ஆகிவிட்டது. காமராஜர் கடைசிவரை வாழ்ந்த வீடு திருமலைப் பிள்ளை சாலையில் நினைவில்லமாக இருக்கிறது. அந்தப் பழைய தி.நகரின் ஜாடையை அங்கே போனால் கொஞ்சம் பார்க்கலாம்.

[திரையில்: துரைசாமி சுரங்கப்பாதை. ஒரு மாநகரப் பேருந்து உள்ளே இறங்கி, மறுபக்கம் ஏறுகிறது.]

இப்போது தண்டவாளத்தைத் தாண்டுவோம். வண்டியில் போகிறவர்களுக்குப் பழகிய வழி துரைசாமி சுரங்கப்பாதை.

இந்தப் பக்கத்துக்கு யாரும் பூங்காவை நடுவில் வைத்துப் படம் வரையவில்லை. வயல் மனையாயிற்று, தோப்பு மனையாயிற்று, வரப்பு தெருவாயிற்று. சில தெருக்கள் காரணமே இல்லாமல் திடீரென்று வளைவது ஏன் என்று கேட்டால், மாடு போன வழியில் தார் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். கோதண்டராமர் கோயில் தெருக்களில் இன்றும் வீட்டுக்கு வீடு கோலம், திண்ணை இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள். கிழக்கே போன பணக்காரரின் குமாஸ்தாவும் ஆசிரியரும் வாடகைக்கு வந்தது இங்கேதான். குறைந்த வாடகை, நடக்கிற தூரத்தில் ரயில்.

விலை குறைவுக்குக் காரணமும் உண்டு. குடியிருப்பு வந்த வேகத்தில் வடிகால் வரவில்லை. தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் கியூலெக்ஸ் கொசு. அது பரப்பும் யானைக்கால் நோய்க்கு மேற்கு மாம்பலம் பெயர்போனது. அந்த நோயின் நுண்புழுக்கள் இரவு நேரத்தில்தான் இரத்தத்தில் அதிகமாக நடமாடும். அதனால் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் இரவில்தான். "மாம்பலத்து மாப்பிள்ளையா, காலைப் பார்த்துப் பெண் கொடு" என்கிற ரகக் கேலிகள் அந்தக் காலத்தில் சகஜம். நோய் போய்விட்டது. கொசுவைப் பற்றிய கேலி மட்டும் போகவில்லை.

ஆனால் ஒன்று. ஊர்ப் பெயரைக் காப்பாற்றியது இந்தப் பக்கம்தான். கண்டுகொள்ளாமல் விடப்பட்டதால் யாரும் புதுப் பெயர் சூட்ட வரவில்லை, அதனால் மிஞ்சிற்று.

[திரையில்: 'லேக் வியூ ரோடு' என்ற தெருப் பலகை. கேமரா மெல்ல இடமும் வலமும் திரும்புகிறது. அடுக்குமாடிகள் மட்டும்.]

ஏரியும் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. அங்கே நின்று பார்த்தால் தெரிவது எதிர் வீட்டு பால்கனியில் காயும் வேட்டி. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, ஏரிக்கரைச் சாலை என்று அர்த்தம். அதே நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா. தமிழில் படித்தால் அது கேள்வியாகவே கேட்கும்: ஏரியா? ஆமாம், ஏரிதான். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரி நிலத்தில்தான்.

பெயர் மட்டும் இருந்தால் பரவாயில்லை, தண்ணீரும் வருகிறது. படுகையில் விழும் மழை கிழக்கே போக முடியாமல் பழைய கரை மேடு தடுக்கிறது. அது தெற்கே அடையாற்றுக்குப் போக இருக்கும் முக்கிய வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகர் வழியாக நந்தனம் போய் ஆற்றில் சேர்கிறது. பார்த்திருப்பீர்கள், பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமே, அதேதான். 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, செய்திகளில் அடிபட்ட பெயர் இந்தக் கால்வாய்தான்.

அன்றைக்குச் சுரங்கப்பாதைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு வைத்துவிடுவார்கள். பம்பு ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். மேற்கு மாம்பலம் ஒரு கரை, தி.நகர் ஒரு கரை. வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றிப் போக வேண்டியதுதான்.

[திரையில்: ஆகாய நடைமேடை, மேலே நடக்கும் கூட்டம், கீழே தெரு.]

2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் ஆகாய நடைமேடை திறந்தார்கள். இப்போது ரங்கநாதன் தெருவில் கால் வைக்காமலே, அதன் தலைக்கு மேலே நடந்து போய்விடலாம். பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ வேலை நடக்கிறது. ஏரிக்கு மேலே ஊர், ஊருக்கு மேலே பாலம், எல்லாவற்றுக்கும் கீழே சுரங்கம்.

[திரையில்: ஒரு கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கம். பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. 'சொத்து விவரம்' என்ற பகுதி பெரிதாகிறது.]

கடைசியாக ஒரு காகிதம். தி.நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கிரயப் பத்திரம். விலையைச் சொன்னால் வயிற்றெரிச்சல், விடுங்கள். சொத்து விவரம் என்று போட்டு, டி.எஸ். எண் (நகர அளவை எண்), பிளாக் எண் எழுதி, நான்கு எல்லை சொல்லி, இடத்தைக் குறிக்கிற வரி வருகிறது. வருவாய்த் துறைக்கு இன்னும் எல்லாம் பழைய கணக்குதான். வாசிக்கிறேன்:

"சென்னை மாவட்டம், மாம்பலம் வட்டம், தி.நகர் கிராமம்."