பிள்ளைக்கு முதலில் சொற்களைக் கொடுங்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

குழந்தைகளுக்குக் கத்தோலிக்க விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பதுதான் மறைக்கல்வி. அதற்குச் சிறந்தது மரபு முறையா, நவீன முறையா? இதுதான் இன்றைய கேள்வி. மரபு முறை என்றால் கேள்வி-பதில், செபங்கள், பத்துக் கட்டளைகள், திருமுழுக்கு முதலிய ஏழு அருள்சாதனங்கள் என்று வரிசையாகச் சொல்லி மனத்தில் பதிய வைப்பது. நவீன முறை என்றால் கதை, படம், பாட்டு, விளையாட்டு, பிள்ளையின் அனுபவத்திலிருந்து தொடங்கும் உரையாடல். நான் மரபு முறைக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது, பழைய மறைக்கல்வி பிள்ளைகளின் மனத்தில் பயத்தைத்தான் விதைத்தது என்றார். அரங்கில் பலர் தலையாட்டியதைக் கவனித்தேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பழைய கேள்வி-பதில் புத்தகங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். ஒரு பாவம் சாவான பாவமாக, அதாவது கடவுளின் அருளையே இழக்கச் செய்யும் பெரிய பாவமாக, என்னென்ன வேண்டும்? பதில்: கனமான காரியமாக இருக்க வேண்டும், அது கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், முழு மனதோடு சம்மதித்துச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது.

இப்போது எட்டு வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் படுத்துவிட்டது, ஞாயிறு திருப்பலிக்குப் போக முடியவில்லை. கடவுள் நம்மீது கோபமாக இருப்பாரோ என்று இரவில் தூக்கம் வராமல் புரள்கிறது. "கடவுள் அன்பானவர், கவலைப்படாதே" என்று அம்மா சொன்னால் அந்த இரவுக்கு ஆறுதல் கிடைக்கும். அடுத்த வாரம் வேறொரு பயம் வந்தால் மறுபடியும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அந்த மூன்று நிபந்தனைகளையும் மனத்தில் வைத்திருக்கும் பிள்ளை, தானே விரல் மடக்கிப் பார்க்கும். திருப்பலியை விடுவது கனமான காரியம்தான். எனக்கு அது தெரியும். ஆனால் வேண்டுமென்றா விட்டேன்? இல்லையே. பிள்ளை திரும்பிப் படுத்துத் தூங்கிவிடும். தெளிவான பதில் பயத்தைப் போக்கும், நடுவர் அவர்களே. எது பாவம், எது பாவமில்லை என்று யாரும் சொல்லித்தராத பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் பயப்படும், அல்லது எதற்குமே பயப்படாது.

பிரம்போடு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அது தவறு, அடி வாங்கிய பிள்ளைகளின் வலி உண்மை. ஆனால் அந்தப் பிரம்பு ஆசிரியரின் கையில் இருந்தது, பாடத்தில் இல்லை. கையைத் திருத்துவோம். பாடத்தை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

அடுத்து, எதிரணித் தலைவர் பழங்காலத் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினாரைத் துணைக்கு அழைத்தார். 400-ஆம் ஆண்டையொட்டி, புதிதாக வருபவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று கேட்ட ஒரு திருத்தொண்டருக்கு அவர் பதில் எழுதினார் என்பதும், மீட்பின் வரலாற்றைக் கதையாகச் சொல், மகிழ்ச்சியோடு சொல் என்று அறிவுரை தந்தார் என்பதும் உண்மை. அருமையான அறிவுரை. ஆனால் அதே அகுஸ்தினார், திருமுழுக்குக்குத் தயாரானவர்களிடம் விசுவாசத்தைச் சுருக்கமாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கொடுத்து, இதை எழுதி வைத்துப் படிக்காதீர்கள், கேட்டு உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள் என்றார். படுக்கப் போகும்போதும் எழும்போதும் சொல்லுங்கள் என்றார். சில நாட்கள் கழித்து அவர்கள் அதைப் பார்க்காமல் ஒப்பித்துக் காட்ட வேண்டும். முதலில் திருச்சபை ஒப்படைக்கும், பிறகு வருபவர் திருப்பி ஒப்புவிப்பார். ஆக, கதை சொல்லச் சொன்னவர்தான் மனப்பாடமும் கேட்டார். எதிரணி அவருடைய பாதியை மட்டும்தான் மேடைக்கு அழைத்து வந்தது.

பொருள் புரியாமல் சொல்வதால் என்ன பயன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த வயதில், எவ்வளவு புரிந்தால் போதும்? திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்துக்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது ஆகும்வரை பிள்ளைகளுக்குத் திருப்பலியில் இயேசுவின் உடலாகப் பெறும் நற்கருணையைத் தராமல் காக்க வைத்தார்கள். 1910-இல் அவர் அதை மாற்றினார். ஏறக்குறைய ஏழு வயது போதும், முழு அறிவு தேவையில்லை, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்று அவர் காலத்து ஆணை சொன்னது. பிள்ளைகளை இவ்வளவு சீக்கிரம் பீடத்தருகே கொண்டுவந்த இவர்தான், 1905-இல் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் மறைக்கல்வி கற்பிக்க வேண்டும் என்று பங்குத்தந்தையரைப் பணித்தார். கேள்வி-பதில் வடிவிலேயே மறைக்கல்வி நூலும் தந்தார். கொஞ்சம் புரிந்தால் போதும், மீதி வளர வளரத் தெளியும் என்ற நம்பிக்கை மரபுக்குள்ளேயே இருக்கிறது.

காலம் கடந்த முறை என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. திருச்சபையைப் புதுப்பிக்கக் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மறைக்கல்வி பற்றி எழுதியபோது, மனப்பாடத்துக்கு இடமே இல்லாத மறைக்கல்வி ஒரு பாலைவனம், அங்கே விசுவாசமும் பக்தியும் பூக்காது என்ற பொருளில் எச்சரித்தார். 1992-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வந்தது. அதன் சுருக்கம் 2005-இல் வெளியானபோது அது எந்த வடிவில் இருந்தது? 598 கேள்விகள், 598 பதில்கள். 2011-இல் இளைஞர்களுக்கென்று வந்த யூகேட் என்ற மறைக்கல்வி நூலும் கேள்வி-பதில்தான்.

விவிலிய அறிஞர் சோஃபியா கவல்லெத்தியைப் பற்றி எதிரணி உருக்கமாகப் பேசியது. 1954-இல் ரோமில் அவர் தொடங்கிய, சிறு பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு கற்கும் நல்லாயன் மறைக்கல்வி மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் சிறிய பீடத்தின் முன் நின்று, இது திருக்கிண்ணம், இது அப்பத்தட்டு, இது நற்கருணைப் பேழை என்று திருச்சபை சொல்லும் பெயர்களையே கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைக்குக் கடினம் என்று யாரும் அந்தச் சொற்களைத் தண்ணீர் ஊற்றிக் கரைப்பதில்லை. அந்த அம்மையார் எதிரணியில்தான் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. மறைக்கல்விக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாரத்தில் ஒரு மணி நேரம். சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். நவீன முறை நன்றாக நடக்க, நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியரும், தயாரிப்புக்கு நேரமும், பொருள்களும் வேண்டும். அவை இருக்கும் இடத்தில் அது அழகாக நடக்கும், சரி. இல்லாத இடத்தில்? பிள்ளை நோவாவின் பேழைக்கு வண்ணம் தீட்டி வீட்டுக்குக் கொண்டு போகிறது. இப்படியே பல ஆண்டுகள் வகுப்புக்கு வந்தும், திருமுழுக்கு எதற்கு என்று கேட்டால் விழிக்கிறது. கேள்வி-பதில் முறையில் சுமாரான ஆசிரியரிடமும் பிள்ளை வெறுங்கையோடு போகாது. பெரிதாகப் படிக்காத தாய்கூடச் சமையல் செய்துகொண்டே "எங்கே, அடுத்த பதிலைச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கலாம். பிள்ளைக்கு முதல் மறைக்கல்வி ஆசிரியர்கள் பெற்றோர் என்று திருச்சபை சொல்கிறதே, அந்தப் பெற்றோரின் கையில் கொடுக்கக்கூடிய முறை இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலுவையில் தொங்கியபோது இயேசு சொன்ன வார்த்தைகளில் இரண்டு திருப்பாடல்களிலிருந்து வந்தவை. "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் திருப்பாடலின் முதல் வரி. "உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்" என்பது 31-ஆம் திருப்பாடலில் இருப்பது. அந்த நேரத்தில் அவர் புதிதாகச் சொல் தேடவில்லை. அவருடைய மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிகள் அவர் உள்ளத்தில் இருந்தன, வேதனையின் நடுவிலும் வந்தன. நம் பிள்ளைகளுக்கும் சோதனை வரும். பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று வாய் அடைத்துப்போகும் நாள் வரும், உயிருக்குப் போராடும் ஒருவரின் கட்டிலருகே நிற்கும் நாள் வரும். அன்றைக்கு பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப செபமும் மரியாவை நோக்கிய மங்கள வார்த்தை செபமும் வாயில் இருக்க வேண்டுமென்றால், அவற்றை இன்றே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. நம் பிள்ளை கோயிலுக்குள் நுழைந்து, நற்கருணைப் பேழையைப் பார்த்து முழங்கால் மடக்குகிறது. கூட வந்த தோழன், "அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறான். ஆசிரியர் பக்கத்தில் இல்லை, படம் இல்லை, பாட்டு இல்லை. அந்தப் பிள்ளை இரண்டே வரியில் என்ன பதில் சொல்ல வேண்டும், அந்த இரண்டு வரியை நீங்கள் எந்த வகுப்பில், எந்த வாரத்தில் கற்றுக்கொடுத்தீர்கள் என்று அவர் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.