இயலாமையே பெருகியிருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டனில் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போர் பெருகி வருவதற்குக் காரணம் இயலாமையா, பணத்தின் மீதுள்ள ஆசையா என்னும் கேள்விக்கு, இயலாமையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

உழைப்பதைவிட உதவித்தொகை வாங்குவது லாபம் என்று மக்கள் கணக்குப் போடுகிறார்கள் என்றார் எதிரணித் தலைவர். நீண்டகால நோயாலோ இயலாமையாலோ அன்றாடப் பணிகளுக்கோ நடமாட்டத்துக்கோ சிரமப்படுவோருக்காக 2013இல் அங்கே தொடங்கிய 'பிப்' உதவித்தொகை வேலையில் இருப்பவருக்கும் கிடைக்கும். சம்பளமோ சேமிப்போ அதற்குத் தடையில்லை. அதைப் பெற வேலையை விட வேண்டியதே இல்லை என்னும்போது அந்தக் கணக்கை யார் போடுவார்? குறைந்த வருமானத்தோருக்கான யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவியில், வேலை செய்ய இயலாதோருக்குச் சேரும் கூடுதல் தொகை வேறு வகை. அங்கே அவர் வாதத்துக்குச் சற்று இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கும் நடந்தது என்ன? 2010 வரை பெண்களுக்கு அரசு ஓய்வூதிய வயது 60. படிப்படியாக உயர்ந்து 2020இல் அது 66 ஆயிற்று. மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாத 63 வயதுப் பெண் அன்று ஓய்வூதியம் வாங்கினார். இன்று அவரே தன் இயலாமையை மெய்ப்பித்து உதவி கேட்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அரசு மருத்துவச் சேவையின் காத்திருப்புப் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. அறுவைக்குக் காத்திருக்கும் மாதங்களில் மூட்டு மேலும் தேயாமல் இருக்குமா?

அரசு என்ன செய்தது? அன்றாடப் பணிகளில் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டுப் புள்ளி போடுவார்கள்; அதற்கான 'பிப்' தொகையைப் பெற 8 புள்ளிகள் வேண்டும். இடுப்புக்குக் கீழே கழுவப் பிறர் உதவி தேவையென்றால் 2 புள்ளி. கீழாடை உடுத்த உதவி தேவையென்றால் 2. கழிப்பறையில் பிடிமானம் தேவையென்றால் 2. அடுப்பில் சமைக்க இயலாமல் மைக்ரோவேவ் அடுப்பை நம்பியிருந்தால் 2. இந்த நான்கும் சேர்ந்தால் தகுதி உண்டு. அன்றாடப் பணிகளில் ஏதேனும் ஒன்றிலாவது 4 புள்ளி இருந்தாக வேண்டும் என்று 2025 மார்ச்சில் அரசு முன்மொழிந்தது. அதாவது மேற்சொன்னவருக்கு அந்தத் தொகையில் ஒரு காசும் இல்லை. அவர் உடல் தேறியதாக அரசுகூடச் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அளவுகோலைத்தான் மாற்றப் பார்த்தார்கள். ஆளும் கட்சி உறுப்பினர்களே நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்ததால், ஜூலை 1 அன்று மசோதாவிலிருந்த அந்தப் பிரிவு கைவிடப்பட்டது.

யுனிவர்சல் கிரெடிட்டின் கூடுதல் தொகை மட்டும் தப்பவில்லை. வாரம் சுமார் 97 பவுண்டாக இருந்ததைப் புதியவர்களுக்கு 50 பவுண்டாக்கிச் சட்டம் செய்தார்கள்; தீராத கடும் நோயுள்ளோருக்கும் இறுதிக் கட்டத்தில் இருப்போருக்கும் மட்டுமே விலக்கு. மூட்டு தேய்ந்த அந்தப் பெண் 2026 ஏப்ரலுக்கு முன்பே தகுதி பெற்றிருந்தால் முழுத்தொகை. அதற்குப் பிறகு விண்ணப்பித்தால், அதே மூட்டுக்கு ஏறக்குறையப் பாதி.