சூட்டு வலி என்று விட்டுவிடாதீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் ஐயா அவர்களே, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அவர்களே, வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிகளே, வணக்கம். ஒரு வார்த்தை கேட்டதும் பந்தல், நாற்காலி, மோர் வரை ஏற்பாடு செய்த தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். கிராம சுகாதார செவிலியராக இருந்த முப்பது வருஷமும் இதை நான் சொல்லாத நாள் இல்லை. நிறைமாதத்தை நெருங்கும்போது வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிவது பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பழைய சிசேரியன் தழும்பு விட்டுப்போவது, கர்ப்பப்பைக்கு வெளியே ரத்தக்குழாய் வெடிப்பது.

முதலாவதைப் பாருங்கள். வளைகாப்பு முடிந்து பத்து நாள் ஆன பெண். விடியற்காலையில் வயிற்றுவலி. மாமியார் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்து, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான், குறை சொல்லமாட்டேன். நான் போனபோது துணியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வயிற்றில் கை வைத்தேன். பிரசவ வலி என்றால் இறுகித் தளரும். இது பலகை மாதிரி இறுகியே கிடந்தது. பிரஷர் சரியாகவே காட்டியது, நாடி மட்டும் வேகமாக ஓடியது. கர்ப்பிணிக்கு ரத்தம் வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதல். அதனால் உள்ளே நிறையப் போனாலும் பிரஷர் கொஞ்ச நேரம் ஏமாற்றும்.

108-இல் ஏற்றினோம். போன இடத்தில் டாக்டர் இருந்தார், தியேட்டர் இருந்தது, ஓ நெகட்டிவ் ரத்தம் இல்லை. அப்புறம் மாவட்டத் தலைநகருக்கு ஓட்டம். ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள் ஊரெல்லாம் விசாரித்து அதே வகை ரத்தம் உள்ள ஒரு பரோட்டா மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். முழங்கை வரை மைதா, அப்படியே வந்து நின்றார். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. வெள்ளம் வருமுன் அணை போட்டிருந்தால் ரத்தம் தேடி ஓடிய அந்த இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

மற்ற இரண்டையும் மருத்துவ அலுவலர் ஐயா பேசுவார். 18 வயதும் 45 கிலோ எடையும் இருந்தால் ரத்தம் கொடுக்க வாருங்கள், எடுப்பது 350 மில்லிதான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பிரித்து வைத்த சிவப்பணு 42 நாள்தான் தாங்கும், ஆகவே வருஷத்துக்கு ஒரு முகாம் போதாது. தலைவர் அவர்களே, நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு ரத்த சேமிப்பு அறை கேட்டு எழுதிய மனு அந்த மோர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள்.