தக்கலை விழாவும் நம் குளங்களும்

மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, கத்தீப் அவர்களே, அழைத்ததும் தட்டாமல் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கோயில் டிரஸ்டி அவர்களே, பந்தலுக்கும் மைக்குக்கும் ஓடியாடிய தம்பிமார்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: பீர் முஹம்மது அப்பாவின் தமிழ், விழாவுக்கு வருகிறவர்களை நாம் உபசரிப்பது, நம் குளங்கள்.

தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து, மெய்ஞ்ஞானத்தைத் தமிழில் பாடியவர் அப்பா. ரஜப் மாதப் பிறை 14 இரவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுகிறோம். அன்று தேங்காய்ப்பட்டினத்திலிருந்து வருவார்கள், குளச்சலிலிருந்து வருவார்கள், எல்லை தாண்டி மலையாளத்துக்காரர்களும் வருவார்கள். நேர்ச்சை வாங்குகிற வரிசையில் யாரும் யாரையும் என்ன மதம் என்று கேட்பதில்லை.

‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே’ என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை.

அரபு ஆண்டு சுமார் 11 நாள் குறைவு. அதனால் விழா பருவம் மாறி மாறி வரும். 2016-இல் சித்திரை வெயிலில் வந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு நாடார் வீட்டு அம்மச்சி இருந்தார்கள். வேன் ஒன்று நின்றது, குடும்பத்தோடு மலையாளத்துக்காரர்கள். ஒளுச் செய்ய, அதாவது தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவ, தண்ணீர் தேடுகிறார்கள். குழாயில் காற்றுதான் வருகிறது. அம்மச்சி கேட்டைத் திறந்து, “வெள்ளம்தானே மக்களே, உள்ள வாங்க” என்றார்கள். கிணற்றில் வாளியைப் போட்டு இறைக்கிறார்கள், இறைக்கிறார்கள். வந்தவர் முகம் கழுவி, முழங்கை வரை கழுவி, தலை தடவி, காலுக்கு வரும்போது “மதி அம்மச்சி, மதி”, போதும் என்று கையைப் பிடித்துவிட்டார். அம்மச்சிக்குக் கோபம்! “கால் நனையாம தொழப் போவியளா?” என்று இன்னொரு வாளியை ஊற்றினார்கள். அதற்குள் பின்னால் இரண்டு வேன். பாட்டு முடியும்வரை கேட்டை அடைக்கவில்லை.

தெருவில் மற்றக் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தபோது அது மட்டும் ஊறியது எப்படி? வேலிக்குப் பின்னால் குளம் இருந்தது. இன்று அந்தக் குளத்தில் பாதி ஆகாயத்தாமரை, மீதி இடித்த கட்டடத்து மண். மேல்கரையில் கல் நட்டு அளந்தும் போட்டாகிவிட்டது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே! ஓடுகிற ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீணாக்காதே என்று நபிகள் நாயகம் சொன்ன ஹதீஸை கத்தீப் அவர்கள் நமக்கு ஓதிக் காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாம் குளத்தை மண்ணுக்கு விடலாமா?

அப்பாவின் தமிழைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை, தலைவர் பொறுத்தருள வேண்டும். பந்தல் வாசலில் மேசை போட்டு, குளத்தைக் காக்கச் சொல்லி மனு வைத்திருக்கிறோம், கலெக்டரிடம் கொடுக்க. பள்ளிவாசல், சர்ச், கோயில் மூன்று நிர்வாகமும் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டாயிற்று. நீங்களும் போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் குளக்கரையில் கூடுகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.