ஜாலி கிரீன் 67: காப்பாற்றப் போன ஆறு பேர்

வணக்கம் நண்பர்களே. வியட்நாம் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட, 'பேட் 21' என்று வானொலியில் அழைக்கப்பட்ட அமெரிக்க விமானத்தின் மீட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதிலிருந்த அதிகாரி ஹாம்பிள்டன் எப்படித் தப்பினார் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அவரைத் தூக்கிவரப் போய் இறந்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1972 ஏப்ரல் 2. வட வியட்நாம் படைகள் பெருமளவில் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தன. குவாங் ட்ரி மாகாணத்தின் மேலே பறந்த அமெரிக்க இபி-66 விமானத்தை ஏவுகணை அடித்தது. இருந்த ஆறு பேரில் பிழைத்தவர் 53 வயது ஐசீல் ஹாம்பிள்டன் மட்டும். பாராசூட்டில் அவர் இறங்கியதோ எதிரிப் படையின் நடுவே. உடனே உதவிக்குப் போன ஒரு ராணுவ ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார்.

ஏப்ரல் 6 அன்று, கடும் குண்டுவீச்சுக்குப் பிறகு ஜாலி கிரீன் 67 என்ற விமானப்படை மீட்பு ஹெலிகாப்டர் உள்ளே போனது. கீழே இருப்பவரைக் கம்பியில் தூக்க வேண்டுமென்றால், அவ்வளவு பெரிய ஹெலிகாப்டர் அவர் தலைக்கு மேலே அசையாமல் நிற்க வேண்டும். சுடுகிறவனுக்கு அதைவிட எளிய இலக்கு கிடையாது. இது தெரிந்துதான் போனார்கள். எதிரிகள் நாலாபக்கத்திலிருந்தும் சுட்டார்கள். விலகித் திரும்பும்போதே விழுந்து எரிந்தது, ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அவர்கள் பெயரைச் சொல்லிவிடுகிறேன். விமானி பீட்டர் சாப்மன், துணை விமானி ஜான் கால், மெக்கானிக் ராய் பிரேட்டர், கயிற்றில் இறங்கிக் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் பாராஜம்பர்கள் ஆலன் ஏவரி, வில்லியம் பியர்சன், அப்புறம் புகைப்படக்காரர் ஜேம்ஸ் ஆலி.

அடுத்த நாள் விழுந்த ஓவி-10 என்ற சிறிய கண்காணிப்பு விமானத்தின் இருவரும் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஹாம்பிள்டனுக்காக ஹெலிகாப்டர் அனுப்பவில்லை. கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படை வீரர் டாமி நோரிஸும் தென் வியட்நாம் கடற்படை வீரர் நுயென் வான் கியெட்டும் மீனவர் வேடத்தில், இரவில் படகில் போய் அவரைக் கொண்டுவந்தார்கள்.

ஒருவருக்காகப் பதினொரு பேரா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. விழுந்தால் தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு விமானியும் அந்த வானத்தில் பறந்தான். ஆனால் நான்கு நாளாகச் சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு மறுபடியும் ஹெலிகாப்டரை அனுப்பியது சரியா? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அனுப்பிய அதிகாரிகள், போன ஆறு பேர் அல்ல.

அந்த ஆறு பேரின் எச்சங்கள் 1997-இல்தான் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டன. இருபத்தைந்து வருடம் குடும்பங்கள் காத்திருந்தன. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரில் பெயர்கள் தேதி வரிசையில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் இந்த ஆறு பேரின் பெயர்களைத் தேடுங்கள். பார்த்தால் எனக்கும் எழுதுங்கள்.